அதிகாரத்தைத் திணறடிக்கும் குறும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்புப் போராட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

யாரையும் அடிப்பதில்லை, எதையும் கொளுத்துவதில்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் எப்படி நடந்துகொண்டாலும் அவருக்கே தர்மசங்கடம் வரும்படி ஒரு காரியம் நடக்கிறது. பார்ப்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள்.

செர்பியாவில் அதிபர் மிலோசெவிச்சின் ஆட்சிக்கு எதிராக 1998-இல் பெல்கிரேடு மாணவர்கள் ‘ஓட்போர்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பழைய தகரப் பீப்பாய் ஒன்றில் அதிபரின் முகத்தை வரைந்து, கடைத்தெருவின் நடுவில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு தடி. மேலே காசு போட ஒரு துளை. காசு போட்டால் முகத்தில் ஓர் அடி அடிக்கலாம். வைத்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று அடித்தார்கள். போலீஸ் வந்தது. யாரைப் பிடிப்பது? குழந்தையோடு கடைக்கு வந்தவர்களையா? கடைசியில் பீப்பாயைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போலீஸ் ஒரு பீப்பாயைக் கைது செய்த கதையை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

விளையாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எதிராளி இருதலைக்கொள்ளி எறும்பாக வேண்டும். விட்டுவைத்தாலும் நட்டம், தடுத்தாலும் நட்டம் என்ற இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இதன் உயிர். பீப்பாயைத் தெருவில் விட்டிருந்தால் அதிபரின் முகம் நாள் முழுக்க அடி வாங்கியிருக்கும். தூக்கிப் போனதால் போலீஸ் சிரிப்புக்கு இடமானது. இரண்டில் ஒன்று நடந்தே தீரும். அந்த இடுக்கு இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கை.

இந்த வகையில் இதுவரை உலகம் கண்டவற்றில் மிகப் பெரியது 1930-இன் உப்பு சத்தியாகிரகம் என்பது என் கணிப்பு. காந்தியைக் குறும்புக்காரர் என்று சொல்வதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த பொருளைப் பாருங்கள். பேரரசை எதிர்க்க ஒரு பிடி உப்பு. 78 பேருடன் மார்ச் 12-இல் சபர்மதியில் இருந்து கிளம்பி, 24 நாள் நடந்து, ஏப்ரல் 6-இல் தண்டிக் கடற்கரையில் உப்பை எடுத்தார். உப்பு இயக்கத்தை நினைத்துத் தனக்குத் தூக்கம் கெடவில்லை என்ற தொனியில்தான் வைசிராய் இர்வின் முன்னதாக லண்டனுக்கு எழுதியிருந்தார். காந்தியைக் கைது செய்தால், கிழவர் உப்பு அள்ளியதற்கு ஒரு சாம்ராஜ்யம் நடுங்குகிறது என்று ஆகும். விட்டுவிட்டால் சட்டம் செத்துவிட்டது என்று ஆகும். அரசு தயங்கியது. பிறகு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தது.

இது இந்தக் காலத்துப் பழக்கம்தானே?

சங்க காலத்திலேயே இருக்கிறது. அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துப் பாடிய புறநானூற்று 95-ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். உன் ஆயுதங்கள் மயில்தோகை அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் உள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சி மாதிரித்தான் தொடங்குகிறது. கேட்ட அரசன் கோபப்பட்டால் குத்து உறைத்தது என்று ஒப்புக்கொண்டதாகும். சிரித்து ஏற்றுக்கொண்டால் தன் படை போர் அறியாதது என்று ஏற்றுக்கொண்டதாகும்.

விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக மேடையும் இதே வேலையைச் செய்தது. நடிகர் விஸ்வநாததாஸ் வள்ளி கதை நாடகத்தில் முருகன் வேடமிட்டு, வெள்ளையரை வெள்ளைக் கொக்காக்கிப் பாடுவார். பாடினால் கைது. ஆனால் வேலோடு நிற்கும் முருகனைச் சபை நடுவில் எப்படிக் கைது செய்வது? பலமுறை சிறை சென்ற அவர், வெளியே வந்ததும் மறுபடியும் மேடை ஏறினார்.

இங்கிலாந்தில் ஓட்டுரிமை கேட்ட பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. 1909 பிப்ரவரியில் இருவர் தங்களையே தபாலாக அனுப்பிக்கொண்டார்கள். பிரதமர் அஸ்குவித்தைச் சந்திக்க வேறு வழி இல்லை. தபால் விதிப்படி ஓர் ஆளை விரைவுத் தூதரோடு அனுப்பலாம் என்று இருந்தது. ஆகவே கட்டணம் கட்டி, முகவரியோடு, தபால்காரப் பையன் துணையோடு டவுனிங் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் ‘தபாலை’ வாங்க மறுத்துவிட்டார்கள். 1911-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த இரவில் எமிலி டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைச் சிற்றாலயத்தில், ஒரு அலமாரிக்குள் ஒளிந்திருந்தார். அன்றிரவு அவர் தங்கிய முகவரி நாடாளுமன்றம் என்று கணக்கில் ஏற வேண்டும். பெண்ணை உள்ளே விடாத அவையின் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர்!

அரசு தடை உத்தரவு போட்டால் எல்லாம் முடிந்ததுதானே?

பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பம். தடை உத்தரவு எழுதுகிறவர் எல்லாவற்றையும் யோசித்து எழுத முடியாது. எழுதாமல் விட்ட சந்தில்தான் மக்கள் நுழைகிறார்கள்.

வேதாரண்யம் உப்பு யாத்திரை இதற்கு நல்ல சாட்சி. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் திருச்சியில் இருந்து கிளம்பினார்கள். அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் ஓர் உத்தரவு போட்டார்: யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ சிறை, அபராதம். ஊர்க்காரர்கள் யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. மரத்தில் தொங்குவதை வழிப்போக்கன் எடுத்துச் சாப்பிடுவதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை? யாரைப் பிடிப்பது, மரத்தையா? யாத்திரை ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தது. அங்கே வைரப்பன் என்ற நாவிதர் காவலருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்றார். ஒரு கத்தியை மடக்கி வைத்ததுதான் அவர் செய்த குற்றம். அவருக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது.

ஐம்பது ஆண்டு கழித்து, ஐரோப்பாவின் ஒரு மூலையில், போலந்தின் ஸ்விட்னிக் என்ற சிறிய தொழில் நகரத்தில் இதன் உறவுக்காரக் கதை நடந்தது. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது. அரசுத் தொலைக்காட்சி மாலை ஏழரைச் செய்தியில் பொய்யாகப் பொழிந்தது. 1982 பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் சரியாக அந்த நேரத்துக்கு வீட்டை விட்டு வெளியே வந்து உலாவத் தொடங்கினார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி ஜன்னலில் வைத்தார்கள். யாரும் இல்லாத தெருவுக்கு அது செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. சிலர் பெட்டியைக் குழந்தை வண்டியில் வைத்து உலாக் கூட்டிப்போனார்கள். நடக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அதிகாரிகள் ஊரடங்கை மாலை ஏழு மணிக்கே தொடங்கும்படி மாற்றினார்கள். மக்கள் ஐந்து மணிச் செய்திக்கு உலாவப் போனார்கள்.

இந்தக் கதையில் என்னை நெகிழ வைப்பது ஒன்றுதான். அதுவரை ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் அந்தச் செய்தியை வெறுக்கிறோம் என்று நினைத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தெருவுக்கு வந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்.

சிரித்தால் பயம் போய்விடுமா?

முழுக்கப் போகாது. குறையும். அதே போலந்தில், வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தில், சுவர்களில் அரசுக்கு எதிரான முழக்கங்களை எழுதுவார்கள். அதிகாரிகள் வெள்ளையடித்து மறைப்பார்கள். அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல் வால்டமர் ஃபிட்ரிச்சும் நண்பர்களும் 1982-இல் குள்ளர்களை வரைய ஆரம்பித்தார்கள். தொப்பி போட்ட, சிரித்த முகக் குள்ளர்கள். அரசியல் வாசகம் ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் அந்தத் திட்டைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் அடியில் என்ன எழுதியிருந்தது என்று தெரியும். ‘ஆரஞ்சு மாற்று’ என்று பெயர் பெற்ற அந்த இயக்கம் 1988 ஜூன் 1-இல் நகரத் தெருவில் ஆரஞ்சுத் தொப்பி அணிந்த ஆயிரக்கணக்கானவர்களை இறக்கியது. அந்த வேடத்தில் இருந்தவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. குள்ளர்கள் கூட்டத்தில் ஏன் கலந்துகொண்டாய் என்று ஒரு அதிகாரி முகத்தை இறுக்கிக்கொண்டு விசாரிக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பழைய நடுக்கம் வராது.

சர்வாதிகாரம் பெருமளவு அந்த இறுகிய முகத்தை நம்பித்தான் நடக்கிறது. சோவியத் நாட்டில் ஸ்டாலின் காலத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொன்னதற்காக மனிதர்களை முகாமுக்கு அனுப்பினார்கள். சிரிப்பின் பலம் ஆட்சியாளர்களுக்கு நம்மை விட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பயந்த சுபாவம் உள்ளவர்கள் என்ன செய்ய முடியும்?

அவர்களுக்குத்தான் இந்த வழி மிகவும் பொருந்தும். சிலியில் 1983-இல் செம்புச் சுரங்கத் தொழிற்சங்கத்தினர் ராணுவ ஆட்சியாளர் பினோசேக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய நினைத்தார்கள். செய்திருந்தால் ராணுவம் சுரங்கங்களைச் சுற்றி வளைத்திருக்கும். அதனால் மே 11-ஐ எதிர்ப்பு நாளாக அறிவித்து, மக்களிடம் மிகச் சிறிய காரியங்களைக் கேட்டார்கள்: மெதுவாக நடங்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருந்தபடியே பாத்திரத்தைத் தட்டுங்கள். மெதுவாக நடப்பவரை எந்தக் குற்றத்தில் பிடிப்பது? இரவு முழு நகரமும் பாத்திர ஒலியில் அதிர்ந்தது. பினோசே அடுத்த நாளே விழுந்துவிடவில்லை. 1988 வாக்கெடுப்பில்தான், ஏறக்குறைய 56 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்று சொல்லி அவரை அனுப்பினார்கள். அந்த ஐந்தாண்டுக்கு மக்களைப் பழக்கியது அந்தப் பாத்திர ஒலி.

மியான்மரில் 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அதே ஒலி இரவுதோறும் எழுந்தது. யங்கோன் சாலைகளில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கார்கள் ‘ரிப்பேர்’ ஆகி, முன்மூடியைத் திறந்துகொண்டு நின்றன; ராணுவ வண்டிகளுக்கு வழி இல்லை. பெண்களின் கைலிக்கு அடியில் நடந்தால் ஆண்மையின் ஆற்றல் போய்விடும் என்ற பழைய நம்பிக்கை அங்கே உண்டு. பெண்கள் தங்கள் கைலிகளைத் தெருவின் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டார்கள். துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் நின்று, அவற்றை அவிழ்த்த பிறகே நகர்ந்தார்கள். பெண்களைத் தாழ்த்த உண்டான ஒரு நம்பிக்கையை அந்தப் பெண்களே அரணாக்கிக்கொண்டதை நான் வியந்து வியந்து படித்திருக்கிறேன்.

தனி ஆளாகச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் மற்றவர்கள் சேர இடம் விட வேண்டும். 2013 ஜூன் 17-இல் இஸ்தான்புல் தக்சிம் சதுக்கத்தில் கூட்டம் கூடத் தடை இருந்தது. எர்தெம் குந்துஸ் என்ற நடனக் கலைஞர் அங்கே போய் நின்றார். சும்மா நின்றார். எட்டு மணிநேரம் அளவில் நின்றார். போலீஸ் பையைச் சோதித்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்து பக்கத்தில் நின்றார்கள். நிற்பதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை.

இணையத்தில் இதெல்லாம் எளிதாகிவிட்டதா?

ஆள் சேர்ப்பது எளிதாகிவிட்டது. 2020 ஜூனில் அமெரிக்காவின் டல்சா நகரத்தில் டிரம்ப் கூட்டத்துக்கு, வரும் எண்ணமே இல்லாத இளைஞர்களும் கொரியப் பாட்டு ரசிகர்களும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் பதிவு செய்தார்கள். பத்து லட்சம் பேர் இடம் கேட்டிருக்கிறார்கள் என்று பிரச்சாரக் குழு பெருமைப்பட்டுக்கொண்டது. தீயணைப்புத் துறை கணக்கில் வந்தவர்கள் 6,200 பேர் அளவுதான். தொற்று பயமும் காரணமாக இருந்திருக்கும்; முழுப் புகழையும் குறும்புக்கே கொடுக்க மாட்டேன்.

ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சிரிப்பதும் தெருவில் நிற்பதும் ஒன்றாகாது. சீனாவில் 2022 நவம்பரில் உரும்கி நகரத்தில் ஒரு குடியிருப்பு எரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். கொரோனா ஊரடங்குக் கெடுபிடிதான் காரணம் என்று கோபம் பொங்கியது. தணிக்கை எல்லாச் சொற்களையும் அழித்தது. மக்கள் ஒன்றுமே எழுதாத வெள்ளைத்தாளைக் கையில் ஏந்தித் தெருவில் நின்றார்கள். காலித்தாளை எப்படித் தணிக்கை செய்வது? டிசம்பர் 7-இல் அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. பிறகு தாள் பிடித்தவர்கள் பலரைச் சத்தமில்லாமல் பிடித்துப் போனது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதனால் உண்மையில் ஆட்சி மாறியிருக்கிறதா?

குறும்பால் மட்டும் எங்கும் மாறவில்லை. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஆராய்ந்தார்கள். வன்முறையற்றவை 53 சதவீதம் வென்றன. ஆயுதம் எடுத்தவை 26 சதவீதம். இது அறவழிக்கு ஆதரவான கணக்கு, குறும்புக்கான தனிக் கணக்கு அல்ல. செர்பியாவில் பீப்பாயோடு நிற்கவில்லை. ஊர் ஊராகக் கிளைகள் வைத்தார்கள், எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர நெருக்கினார்கள், தேர்தலில் மக்களை வாக்களிக்க வைத்தார்கள். அதன் முடிவை மிலோசெவிச் ஏற்க மறுத்தபோது மக்கள் தலைநகரை நிறைத்தார்கள். 2000 அக்டோபர் 5-இல் மிலோசெவிச்சின் ஆட்சி முடிந்தது.

தோற்றவையும் உண்டு. பெலாரூஸில் 2011-இல் மக்கள் முழக்கம் இல்லாமல் வெறுமனே கைதட்டினார்கள். போலீஸ் தட்டியவர்களைப் பிடித்தது. ஒரு கை இல்லாத ஒருவரையும் கைதட்டியதாகப் பிடித்தது. உலகம் சிரித்தது, 2013-இல் கேலி நோபல் பரிசும் கொடுத்தார்கள். அதிபர் லுகஷென்கோ ஆட்சியில் நீடித்தார். சிரியாவில் 2011-இல் இளைஞர்கள் முழக்கம் எழுதிய பிங்-பாங் பந்துகளை டமாஸ்கஸின் சரிவான தெருக்களில் உருட்டிவிட, பாதுகாப்புப் படையினர் அவற்றைத் துரத்தி ஓடினார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் நடந்த ரத்தக்களரி எல்லோருக்கும் தெரியும். மியான்மரிலும் கைலிக் கொடிகளைத் தாண்டித் துப்பாக்கி வந்தது. கொல்லத் துணிந்துவிட்ட அரசைச் சிரிப்பு தடுத்து நிறுத்தாது. இதைச் சொல்லாமல் பீப்பாய்க் கதையை மட்டும் சொல்வது இளைஞர்களுக்குச் செய்யும் துரோகம்.

எங்கே எல்லை போட வேண்டும்?

ஒருவர் உடலைத் தொட்டால் அது வேறு கணக்கு. ஈரானில் 2022-இல் இளைஞர்கள் தெருவில் போகும் மதகுருமாரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்த ஆண்டு அவர்கள் பறிகொடுத்த உயிர்கள் எத்தனை! ஆனாலும் தட்டிவிடப்பட்டவர் ஆட்சியோடு சம்பந்தமே இல்லாத ஒரு முதியவராக இருந்தால்? அங்கேயே ஆட்சியை எதிர்ப்பவர்கள் பலர் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

இன்னொன்று: கேலி மேல்நோக்கித்தான் போக வேண்டும். வாசலில் காவல் நிற்கும் ஏழைச் சிப்பாயின் பேச்சையோ நிறத்தையோ கேலி செய்தால், நாளை நம் பக்கம் வர வேண்டியவரை இன்றே விரட்டிவிடுகிறோம். அவசர உதவி எண்ணை அடைப்பது, மருத்துவமனை வழியை மறிப்பது போன்றவற்றில் குறும்பு எதுவும் இல்லை.

நல்ல அளவில் அமைந்த ஒன்றைச் சொல்கிறேன். லஞ்சத்துக்கு எதிராக ‘ஐந்தாவது தூண்’ என்ற தமிழ்நாட்டு அமைப்பு 2007-இல் இருந்து பூஜ்ய ரூபாய் நோட்டுகளை அச்சிட்டு லட்சக்கணக்கில் வினியோகித்தது. பார்க்க ஐம்பது ரூபாய் நோட்டு மாதிரி இருக்கும். லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று எழுதியிருக்கும். அலுவலகத்தில் கை நீட்டுகிறவரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. அவரால் புகார் கொடுக்க முடியுமா? என்னவென்று கொடுப்பார்? வாங்கியவருக்குத் திருந்தவும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

சிறைக்குப் போக நேருமா?

நேரும். தாய்லாந்தில் 2020-இல் போராட்டக்காரர்கள் தண்ணீர்ப் பீரங்கிக்கு எதிரே காற்றடைத்த மஞ்சள் வாத்துகளைக் கேடயமாகப் பிடித்தார்கள். வாத்து இயக்கத்தின் சின்னமானது. 2023 மார்ச்சில், வாத்துப் படம் போட்ட நாள்காட்டியை விற்றவருக்கு அரச அவமதிப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டு சிறை. சிரிப்புக்காகச் செய்தேன் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாத நாடுகள் பல. எந்தச் சட்டம் பாயலாம், வழக்கறிஞர் யார், வீட்டில் யாருக்குச் சொல்லிவைப்பது என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும். விளைவு தெரியாத ஒருவரை முன்னால் நிறுத்துவது எந்தப் போராட்டத்துக்கும் அழகல்ல.

ஆட்சியில் இருப்பவர்களே இப்போது கேலி செய்கிறார்களே, இனி இது எடுபடுமா?

இன்று மாறியிருப்பது இதுதான். முன்பு அதிகாரம் முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தது. இப்போது அதுவும் கேலிப்படம் போடுகிறது, எதிர்ப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தக் கேலிக்குப் பதில் கேலி என்று இறங்கினால் அவர்களுடைய களத்தில்தான் ஆடுவோம். அப்போது செய்ய வேண்டியது அவர்கள் சொல்லும் பொய்யைத் தேடிப் பிடிப்பது. 2025-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் போர்க்களமாகக் கிடக்கிறது என்று அதிபரே சொன்னார். படை அனுப்பப் போவதாக அறிவித்தார். குடியேற்றத் துறை அலுவலகத்துக்கு எதிரே மக்கள் காற்றடைத்த தவளை உடை போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஒரு அதிகாரி அந்தத் தவளையின் காற்றுத் துளைக்குள் பெப்பர் ஸ்ப்ரே அடித்த காணொளி நாடெங்கும் பரவியது. இரண்டே வாரத்தில் பல நகரங்களின் பேரணிகளில் தவளைகள் இறங்கின. போர்க்களம் என்று சொல்லப்பட்ட ஊரில் இருந்து வந்த படங்களில் துள்ளிக்கொண்டிருந்தது ஒரு பச்சைத் தவளை. அந்தப் படத்தைக் காட்டிப் படை அனுப்பச் சொல்லி யாரிடம் கேட்பது?